கஞ்சி மாப்பிள்ளையின் கேஸ்

தமிழ்நாட்டில் இதுவரை வேலை பார்த்த டயட்டீஷியன்களிலேயே, ஒரு நோயாளியிடம்கூட "சாப்பிடாதீங்க" என்று சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் காலம் தள்ளினோம். உப்பா, கூடாது. ஊறுகாயா, கூடவே கூடாது. வாழைப்பழமா, ஐயோ. இவ்வளவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்லத் தெரிந்துவிட்டால் பாதி டயட்டீஷியன் ஆகிவிடலாம். கஞ்சி மாப்பிள்ளைக்கு மட்டும் அது கடைசிவரை வரவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஸ்ரீபெரும்புதூர் என்று கண்டக்டர் சொன்னாலே பஸ்ஸில் இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட வருஷம் அது. மணிமங்கலத்தைத் தாண்டி ஒரகடம் பக்கம் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் கம்பெனி காம்பவுண்டு இல்லாத இடம் கிடையாது. அன்றைக்கு வார்டு ஜன்னலைத் திறந்தால் நாற்று நடுகிறவர்கள் சண்டை போடுவது தெளிவாகக் கேட்கும். பல்கலைக்கழகத்தில் டயட்டீஷியன் டிப்ளமா படித்தவர்கள் அங்கே ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும். முடித்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் வேலை.

தபாலில் விண்ணப்பம் போட வேண்டும். மார்க்கைப் பார்த்துத் தபாலிலேயே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். வருஷா வருஷம் பெண்கள்தான் வருவார்கள் என்பதால், விண்ணப்பத்தில் ஆணா பெண்ணா என்று கேட்கிற வழக்கமே அங்கே இல்லை. கஞ்சி மாப்பிள்ளையின் நிஜப் பெயரோ இரண்டு பாலாருக்கும் வைக்கிற பெயர். ஆகவே எங்களுக்கு வந்த கடிதமே அவருக்கும் போயிற்று. கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் இடம் ஒதுக்கியிருக்கிறோம், நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை நான்கு கொண்டுவரவும்.

சேருகிற நாளில் சீஃப் மேடம் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டார். சீஃப் மேடம் என்பவர் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டயட்டீஷியன். சமையற்கட்டுத் தராசுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பார். கடைசிப் பெயருக்கு, தகரப் பெட்டியோடு மூலையில் நின்றிருந்த ஒரு மீசைக்காரர் கை தூக்கினார்.

"யாருப்பா நீங்க? தங்கச்சியைக் கொண்டுவந்து விட வந்தீங்களா?"

"இல்லீங்க மேடம். நாந்தான் அது."

மேடம் கடிதத்தைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். "லெட்டர்ல என்ன போட்டிருந்தோம்னு படிச்சுப் பார்த்தீங்களா?"

"படிச்சேன் மேடம். அல்லாத்தையும் எட்த்தாந்துட்டேன்."

பெட்டியைத் திறந்து காட்டினார். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை நான்கு, மடிப்புக் கலையாமல் இருந்தன. ஆஸ்பத்திரியில் ஏதோ காரணத்துக்காகத்தான் கேட்பார்கள், நாம் யார் கேள்வி கேட்க என்று வாங்கிவிட்டாராம்.

மேடம் அவரைத் திருப்பி அனுப்பிவிடத்தான் ஒரு கேள்வி கேட்டார். "சர்க்கரை வியாதிக்காரர் கட்டில்ல உட்கார்ந்துகிட்டு லட்டு சாப்பிடறார். நீங்க என்ன செய்வீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "பாதிய நான் துன்னுட்றேன் மேடம். அவுருக்குப் பாதி தானே போவும்?"

நாங்கள் ஏழு பெண்களும் சிரித்துவிட்டோம். பின்னால் நின்றிருந்த பெரிய டாக்டரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. விடுதியில் தங்க முடியாதே, அதனால் பிணவறைக்கு அடுத்த ஆம்புலன்ஸ் ஷெட்டில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். புடவைகளை அதற்குத் திரையாகக் கட்டிக்கொண்டார். பக்கத்துவீட்டுக்காரர்கள் தொந்தரவே இல்லை என்பார். முதலில் அவரைக் கஞ்சி காய்ச்சும் பிரிவில் போட்டார்கள். ஏழு பெண்களுக்கு நடுவே ஒற்றை ஆண். கஞ்சி மாப்பிள்ளை என்ற பெயர் அன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அவர் சொந்த ஊர் படப்பைக்கு உள்ளே ஏதோ கிராமம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஊறுகாய் கம்பெனி, சோப்பு கம்பெனி என்று அலைந்து, முப்பது நெருங்குகிற வயதில் இந்த டிப்ளமாவைப் படித்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சான்றிதழைக் கொண்டுவந்தால் மறுநாளே சேரலாம். வராவிட்டால் வேறு ஆள். அந்த ஒரு வேலைக்காகத்தான் பிணங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார் மனிதர்.

"சாப்டீங்களா?" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கேட்கிறோம். "ஆச்சு" என்பார்கள், நாமும் போய்விடுவோம். கஞ்சி மாப்பிள்ளைக்கு அது கேள்வி. பதில் வரும்வரை நகரமாட்டார். "இன்னும் இல்ல" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். ஒருமுறை மின்சாரக் கம்பத்தில் ஏறியிருந்தவரைக் கீழே நின்று கேட்டு, அவரும் யோசிக்காமல் "இல்லப்பா" என்று சொல்லிவிட, இறங்கும்வரை தட்டோடு காத்திருந்து சாப்பிடவைத்துத்தான் விட்டார். அதுவரை வார்டில் விசிறி சுற்றவில்லை.

சர்க்கரை நோயாளிகளிடம் நாங்கள் சோற்றைக் குறையுங்கள் என்போம். அவர் சொல்லமாட்டார். "பீன்ஸ் துன்னுங்க, இந்தக் கீரையத் துன்னுங்க, மோரு குடிங்க, இந்தச் சுண்டலையும் முட்ச்சிடுங்க" என்று அடுக்கிக்கொண்டே போவார். சோறு வருவதற்குள் அவர்களுக்கு ஏப்பம் வந்துவிடும். ஏன் இப்படிச் சுற்றிவளைக்கிறீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார். ஜாதகம் என்பார். நாக்கில் மச்சம் என்பார். ஒன்றையும் நாங்கள் நம்பவில்லை.

அப்புறம்தான் அந்த ஹெர்னியா வந்தது. மறைமலை நகரில் மில்லிங் மெஷின் ஓட்டுகிற ஒருவர். காலையில் ஆபரேஷன், முந்தின இரவிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும். கஞ்சி மாப்பிள்ளை விடிந்ததும் அந்தப் பக்கம் போனார்.

"சாப்டீங்களா?"

"எங்கப்பா, நேத்து ராவுலேர்ந்து பச்சத் தண்ணி கூட குடுக்கல."

"அடப்பாவமே! இன்னா ஆஸ்பத்திரி இது!"

ஆபரேஷன் தியேட்டரில் கையுறை மாட்டிக்கொண்டு சர்ஜன் சம்பிரதாயத்துக்குக் கேட்டார், ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. அந்த மனிதர் மேசையில் படுத்தபடி நிம்மதியாகச் சொன்னார்: "ஆச்சு சார். நாலு இட்லி. சட்னி கொஞ்சம் காரம், மத்தபடி சோக்கா இருந்துச்சு."

சர்ஜன் போட்ட சத்தம் பிணவறைவரை கேட்டிருக்கும். அதில் நியாயம் இருந்தது. மயக்க மருந்து கொடுத்த பிறகு அந்த இட்லி தொண்டைக்கு வந்திருந்தால் ஆள் போயிருப்பார். சீஃப் மேடம் கஞ்சி மாப்பிள்ளையை நிற்கவைத்து, இன்னும் ஒரே ஒரு தப்பு, அதோடு பெட்டியைக் கட்டலாம் என்றார். அவர் முகம் செத்துப்போயிற்று. ஹெர்னியாக்காரர் மட்டும் வீல்சேரில் வந்து வாதாடினார். "அவர ஏம்மா திட்றீங்க? இத்தினி பேரு வந்து போனீங்க, அவரு ஒர்த்தர் தானே கேட்டாரு?"

தண்டனையாக, ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் கட்டிலில் "வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது" என்ற அட்டையை மாட்டும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். நாங்கள் என்றால் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அவர் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "தப்பா நெனச்சிக்காதீங்க, நான் எழுதல, எழுதியே குடுத்தாங்க, நாளிக்கு இந்நேரம் அவுத்துடறேன்" என்று மன்னிப்பு கேட்டு மாட்டுவார். பார்த்தவர்கள் சாவுச் செய்தி சொல்கிறாரோ என்று பயந்தார்கள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே நாங்கள் கடைசி மாதத்துக்கு வந்துசேர்ந்தோம். இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க அவ்வளவாக ஒன்றும் இல்லை.

வல்லத்துப் பக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒரு விவசாயி வந்து படுத்தார். உணவுக்குழாயில் கட்டி. எச்சில்கூட இறங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டு, பாலும் முட்டையும் கேழ்வரகும் கரைத்த கஞ்சியை ஊற்றுவோம். அதைக் காய்ச்சுகிற பொறுப்பு கஞ்சி மாப்பிள்ளைக்கு. ஏழுமலையின் மனைவி கன்னியம்மா கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. முதல் நாளே வழக்கமான கேள்வி போயிற்று.

"அக்கா, சாப்டீங்களா?"

"அவரு வாயில ஒண்ணும் போவல. நான் மட்டும் எப்பிடிப்பா துன்றது?"

கஞ்சி மாப்பிள்ளை விடவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்தார், அது அப்படியே இருந்தது. கெஞ்சினார், அந்த அம்மா அழுதார். டீ மட்டும் குடிப்பார். நாங்கள் தினமும் அந்தக் கட்டிலுக்குப் போனோம். குழாயைப் பார்த்தோம், சார்ட்டைப் பார்த்தோம், ஏழுமலைக்கு எவ்வளவு உள்ளே போயிற்று என்று கணக்குப் போட்டோம். கட்டிலுக்குக் கீழே பார்க்கச் சொல்லி எங்கள் பாடத்தில் இல்லை.

கஞ்சி மாப்பிள்ளை ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். குழாய்க் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, சூடு சரியா கீதா பாரு. அதிகமா இருந்தா அவுருக்கு உள்ள வெந்துடும்" என்பார். புருஷனுக்கான வேலை என்றால் அந்த அம்மா செய்வார். ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்து "சரியா கீது" என்பார். "ஸ்பூன்ல தெரியாதுக்கா, டம்ளர்ல பாரு." அப்புறம் சர்க்கரை சரியா, கட்டி தட்டியிருக்கிறதா என்று இன்னொரு டம்ளர். பூமியில் வேறு எந்தக் குழாய்க் கஞ்சிக்கும் இத்தனை ருசி பார்த்திருக்கமாட்டார்கள். இரண்டு வாரம் அந்த அம்மாவின் உயிர் ருசி பார்த்தே ஓடியது.

சீஃப் மேடம் ஒருநாள் பார்த்துவிட்டார். நோயாளிக்கு அளந்த பாலும் முட்டையும் வேறு வாய்க்குப் போகிறது, இது திருட்டு என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அத்தோடு ருசி பார்ப்பது நின்றது. கஞ்சி மாப்பிள்ளை தன் சாப்பாட்டைக் கொண்டுபோனார். இது புருஷனுக்காக ருசி பார்ப்பது இல்லை, தனக்கான சோறு என்று தெரிந்ததும் அந்த அம்மா தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கேஸ் பிரசென்டேஷன் வந்தது. இன்டர்ன்ஷிப்பை முடிக்கிற ஒவ்வொருவரும் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு என்ன உணவு கொடுத்தோம், உடம்பு எப்படித் தேறியது என்று டாக்டர்கள் முன்னால் பேச வேண்டும். அதில் தேறினால் மேடம் கையெழுத்துப் போடுவார். நான் ஒரு சிறுநீரக நோயாளியை வைத்து வெளுத்து வாங்கினேன். கஞ்சி மாப்பிள்ளை கடைசியாக எழுந்தார்.

"என் கேஸு கன்னியம்மா. வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். ஏழுமல சம்சாரம்."

"பெட் நம்பர்?" என்றார் மேடம்.

"பெட்டு இல்ல மேடம். பெட்டுக்குக் கீழ."

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் பொறுமையாகத்தான் கேட்டார். "அந்த அம்மா நம்ம பேஷன்ட் இல்லையே. அவங்க எடை என்ன?"

"மெஷின்ல ஏத்த நர்ஸம்மா வுடல மேடம். வளையல வச்சிப் பாத்தேன். வந்தப்போ மணிக்கட்டாண்ட நின்னுச்சு. இப்போ கையத் தூக்குனா முழங்கைக்கு ஓடுது."

அறை முழுக்கச் சிரித்தது. எடையை வளையலில் அளந்த முதல் டயட்டீஷியன் என்று ஒரு டாக்டர் மேசையைத் தட்டினார். கஞ்சி மாப்பிள்ளை சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அதே குரலில் சொன்னார்: "அவரு பொழைக்கமாட்டாருன்னு நீங்களே எழுதிட்டீங்க சார். இந்தம்மா பொழைக்கலாம். அத்த யாருனா எழுதுங்க."

யாரும் எழுதவில்லை. மேடம் அவரைத் தேர்ச்சி பெறாதவர் என்று அறிவித்தார். இன்னும் மூன்று மாதம் இருந்து, பெட் நம்பர் உள்ள ஒரு நோயாளியை வைத்து மறுபடி செய்ய வேண்டும். கேன்டீன் வேலை மூன்று மாதம் காத்திருக்காது. நாங்கள் ஏழு பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டு, எங்கள் நோயாளிகளில் யாரையாவது எடுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே பேசுங்கள், மேடத்தைச் சமாளிக்கலாம் என்றோம். அவர் தலையை ஆட்டினார். "நான் ஊட்டாத ஆளப் பத்தி நான் இன்னாம்மா பேசறது?" சொல்லிவைத்த கம்பெனியில் அந்த வாரமே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

ஏழுமலை அதற்கு மறுவாரம் இறந்துபோனார். ஷெட்டுக்கு அடுத்த பிணவறைக்குத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். வண்டி வரும்வரை கன்னியம்மா ஆம்புலன்ஸ் ஷெட்டில் அந்த வெள்ளைப் புடவைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி மாப்பிள்ளை அன்று அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அவர் கேட்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

மற்றவர்கள் சான்றிதழோடு போனார்கள். என்னை அங்கேயே ஜூனியராக எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஷெட் ஒழுகியது. புதிதாக வந்த பெண்கள் அவரை ஃபெயில் மாப்பிள்ளை என்றார்கள். அவர் பாட்டுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுத்த பிரசென்டேஷனுக்கு ஒரு நோயாளியைத் தேர்ந்தெடு என்று மேடம் இரண்டு தடவை சொல்லியும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு டயட் கிச்சனுக்கு ஓடிவந்தார். நான் என்ன என்ன என்று உலுக்கினேன்.

"இன்னாம்மா சொல்றது. அக்காவுக்குப் பெட் நம்பர் குட்த்துட்டாங்க."

ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கட்டிலில் கன்னியம்மா இருந்த இடமே தெரியவில்லை. இந்தத் தடவை எடை பார்க்கிற மெஷினை நர்ஸே தள்ளிக்கொண்டு வந்தார். வளையல்தான் இல்லை. பதினாறாம் நாள் சடங்கில் உடைத்துவிட்டார்கள். கஞ்சி மாப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்துவிட்டு வெளியே போய், மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

அப்புறம் உட்கார்ந்து ஊட்டினார். முதலில் கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு, பிறகு முட்டை. தின்னமாட்டேன் என்று அந்த அம்மா வாயை மூடிக்கொண்டால், இவரும் தட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். இதற்கு மேல் தந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. மார்கழி வாக்கில் கன்னியம்மா எழுந்து வராந்தாவில் நடந்தார்.

இரண்டாவது பிரசென்டேஷனில் யாரும் சிரிக்கவில்லை. எடை, ரத்தம், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் மேடம், "பேஷன்ட் இப்போ?" என்று கேட்டார்.

"நாளிக்கு வூட்டுக்குப் போறாங்க மேடம். வூட்ல யாரும் இல்ல. சாப்டியான்னு கேக்க ஒரு ஆளு இல்ல. மறுபடி இப்பிடித்தான் ஆவும்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் வேறு எதுவும் மாறவில்லை. கட்டிலுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அன்றும் சாப்பாடு கிடையாது, நான் அங்கிருந்து விலகிய நாளிலும் கிடையாது.

சான்றிதழை வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது நான் கேட்வரை போனேன். வாழ்த்துச் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தை வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அக்கா படுக்காம இருந்திருந்தா நான் ஃபெயிலு. ஃபெயிலாவே இருந்திருக்கலாம்மா."

அதன் பிறகு மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்தார் என்றும், அங்கே மூன்று ஷிஃப்டும் அவரைக் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்றும் கேள்விப்பட்டேன். ரொம்ப வருஷம் பார்க்கவில்லை.

பிறகு என் அப்பா தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் விழுந்தார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பழைய தோழி ஒருத்தி சொல்லியிருக்க வேண்டும், ஒரு மத்தியானம் கஞ்சி மாப்பிள்ளை வந்து நின்றார். மீசை நரைத்து, தொப்பை போட்டிருந்தது. கையில் அடுக்குக் கேரியர். அப்பாவை ஒரு கும்பிடு போட்டார். எனக்கு ஒரு தலையசைப்பு. நேராகப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்குப்பா? அவருக்கே ஒண்ணும் எறங்கல" என்றார் அம்மா.

அவர் கேரியரைத் திறந்தார். ரசம் சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. கை கடுத்தும் அவர் இறக்கவில்லை. அம்மா அதைப் பார்த்தார், கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கேரியர் காலியானதும் குழாயடியில் கழுவி எடுத்துக்கொண்டு, செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அப்பா மறுநாள் விடிகாலையில் போனார். அத்தனை சடங்கையும் அம்மா நின்று தாங்கினார்.

எனக்கு உடன்பிறந்த அண்ணன் கிடையாது. ஆனால் யாராவது கேட்டால், ஒருத்தர் இருக்கிறார், மறைமலை நகரில் கேன்டீனில் வேலை பார்க்கிறார் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.